நல்ல செய்தி, சென்னியப்பன்!

நல்ல செய்தி என்று தட்டச்சு செய்தபோது கலாமணிக்கு ஒன்றுமே தோன்றவில்லை. விரல்கள் அவை பாட்டுக்கு அடித்தன, ஆச்சரியக்குறி போட்டன, கூட வேலை பார்க்கும் ஷெரின் கேட்டிருந்தபடி பக்கத்தில் வண்ணக் காகிதம் வெடித்துச் சிதறும் பொம்மைப் படம் ஒன்றையும் ஒட்டின, பிறகு அடுத்த வரிக்குப் போய் நின்றுகொண்டன. மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். என்ன சாப்பிட்டாய் என்று யாராவது கேட்டிருந்தால் டப்பாவைத் திறந்து பார்த்துத்தான் சொல்லியிருப்பாள். சரவணம்பட்டியில் அந்தக் கட்டடத்தின் நாலாவது மாடியில் ஏசி எப்போதும் ஆளைக் கொல்லும். எல்லோருடைய நாற்காலியிலும் ஒரு ஸ்வெட்டர் தொங்கும். அவளுடையதும் தொங்கியது, ஆனால் இன்றைக்குக் குளிர்வதாகவே தெரியவில்லை. வலது காலை மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவது அவள் பழக்கம். கால் மரத்துப்போய் வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும், யாருடைய காலோ போலக் கிடந்தது. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு பரிசோதனை ஆய்வகத்துக்கு இணையதளம் செய்து கொடுப்பது அவர்கள் குழுவின் வேலை. இதுவரை நோயாளிகள் தாங்களே உள்ளே போய் ரிப்போர்ட் வந்ததா வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி ஒவ்வொன்று நடக்கும்போதும் போனுக்குத் தகவல் போகும். பதிவு செய்தால் ஒன்று, ரத்தமோ சதையோ கொடுத்தால் ஒன்று, அது ஆய்வகத்தில் போய்ச் சேர்ந்தால் ஒன்று, அங்குள்ள டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் ஒன்று. எது நடந்தால் எந்த வாசகம் போக வேண்டும் என்று முடிச்சுப் போடுவது கலாமணியின் பொறுப்பு. தமிழைப் பிழையில்லாமல் எழுதுவாள் என்று பெயர் வாங்கியிருந்ததால், ஷெரின் ஆங்கிலத்தில் அனுப்பிய வாசகங்களைத் தமிழாக்குவதும் அவள் தலையிலேயே விழுந்தது. நல்ல செய்தி, இன்னார்! உங்கள் ரிப்போர்ட் தயார். இன்னார் என்கிற இடத்தில் அவரவர் பெயரை மென்பொருளே எடுத்துப் போட்டுக்கொள்ளும். மூன்று மணிக்கு லைவ், அப்போதிருந்து எல்லோருக்கும் நிஜமாகவே போகும் என்று ரங்கதுரை சொல்லியிருந்தான். அவன்தான் குழுத்தலைவன், அவளைவிட ஏழெட்டு வயது சின்னவன், எதைச் சொன்னாலும் ஏற்கெனவே தாமதமாகிவிட்ட மாதிரியே சொல்லுவான்.

நல்ல செய்தி. மறுபடியும் படித்தாள். பிழை இல்லை. அவள் வீட்டுக்காரர் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, சலூன்காரர். சவரம் பண்ணத் தாடையைத் தூக்கியவர், ஏனுங், இங்கென்னமோ நெல்லிக்காயாட்ட இருக்குதுங் என்று தொட்டுக் காட்டினாராம். வீட்டுக்கு வந்து அவர் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். "இத்தன வருசமா கூட இருக்கற பொண்டாட்டிக்குத் தெரியல, அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்குது பாரு." அவர் சிரித்தார், அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கைநீட்டித் தொட்டுப் பார்த்தாள். நெல்லிக்காய்தான். தோலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகாமல் அங்கேயே இருந்தது. அவர் கணபதிப் பகுதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருந்தார். எந்நேரமும் உடம்பில் வார்னிஷ் வாசனை அடிக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. அந்த வாசனையோடுதான் அவள் அந்த வீட்டில் இத்தனை காலம் தூங்கியிருக்கிறாள், ஆனால் தாடைக்குக் கீழே ஒரு நெல்லிக்காய் வந்து உட்கார்ந்தது தெரியவில்லை. எப்போது வந்திருக்கும்? போன பொங்கலுக்குப் புதுச்சட்டைக்குக் காலர் பட்டன் போட்டுவிட்டபோது இருந்ததா? அப்போது விரல் பட்டிருக்குமே. பட்டும் கவனிக்கவில்லையா? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு மாட்டிக்கொள்ளும், ஆபீஸ் நாற்காலியின் சக்கரத்தில் சேலை முந்தானை மாட்டிக்கொள்வது போல. இழுத்தாலும் வராது, விட்டாலும் போகாது. காலர் பட்டன், விரல், நெல்லிக்காய். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லி, கழுத்தை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்துவிட்டு, எதுக்கும் ஒரு சதைத்துணுக்கு எடுத்துப் பாத்துரலாம் என்றார். எதுக்கும் என்றால் எதற்கு? அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. எந்த ஆய்வகம் என்று பேச்சு வந்தபோது கலாமணிதான் முந்திக்கொண்டு, இங்கயே குடுக்கலாமுங்க, நம்ம பண்ற சாப்ட்வேர்தானுங்க, எல்லாம் ஒழுங்கா இருக்கும் என்றாள். தெரிந்த கடையில் துணி எடுக்கிற மாதிரி.

ஒழுங்காகத்தான் இருந்தது. அதுதான் வம்பாகவும் இருந்தது. அவள் திரையில் இரண்டு சன்னல்கள் திறந்திருந்தன, ஒன்றில் அவள் எழுதும் வேலை, இன்னொன்றில் ஆய்வகத்தின் உண்மையான பதிவுகள். கோளாறு வந்தால் பார்ப்பதற்காக அவளுக்கும் ரங்கதுரைக்கும் அந்தக் கதவு திறந்து விடப்பட்டிருந்தது. யாருடைய ரிப்போர்ட்டையும் சொந்தக் காரியத்துக்காகப் பார்க்கக்கூடாது என்பது விதி. விதியை நினைத்து அவள் பார்க்காமல் இருந்தாள் என்று சொன்னால் அது சுத்தப் பொய். அவர் பெயரைத் தேடுவதற்கு அரை நிமிடம் ஆகாது. சதைத்துணுக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று காலையில் ஒருமுறை பார்த்தாள், டாக்டர் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது என்று வந்தது. அப்படியென்றால் முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினால் விரியும். விரிந்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால், தெரிந்துகொண்டு சாயங்காலம் வரை இந்த நாற்காலியில் உட்கார வேண்டும், வீட்டுக்குப் போய் அவருக்கும் மகளுக்கும் முன்னால் தோசை ஊற்ற வேண்டும். அவர் அவள் முகத்தைப் பார்ப்பார். பார்த்தவுடன் தெரிந்துகொள்வார், அவள் முகம் அப்படிப்பட்ட முகம், எதையும் உள்ளே வைக்காது. அதனால் பார்க்காமல் இருப்பதுதான் அவருக்குச் செய்யும் நன்மை என்று காலையில் தோன்றியது. பத்து மணிக்கு மேல் அது பயம்தான் என்று தெரிந்தது. பயப்பட வேண்டிய ஆள் எங்கேயோ எழுந்து போய்விட்டது மாதிரியும், நாற்காலியில் வெறும் சுடிதார் உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரியும் இருந்தது. சுடிதார் நன்றாகவே வேலை செய்தது, ஒரு பிழை விடவில்லை.

அவர் பெயர் என்று சொல்லும்போதே அவளுக்கு உதட்டோரம் ஒரு இழுப்பு வரும். அவள் அவர் பெயரைச் சொன்னதில்லை. பக்தியெல்லாம் இல்லை, சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. அம்மாவும் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை, அத்தையும் மாமாவின் பெயரைச் சொன்னதில்லை, இவள் நாக்குக்கும் அந்தத் திசையில் போய்ப் பழக்கமில்லை. ஆய்வகத்தில் பதிவு செய்யும்போது கவுன்ட்டரில் இருந்த பெண், பேஷன்ட் பேரு என்று கேட்க, கலாமணி ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். "வாயில சொல்லுங்க மேடம்," என்றாள் அந்தப் பெண். பக்கத்தில் நின்ற அவரே, "சென்னியப்பனுங்க. அவ சொல்ல மாட்டா, கம்ப்யூட்டர்லதான் வேல, இதுக்கு மட்டும் வாய் வராது," என்று சொல்லிச் சிரித்தார். துணுக்கு எடுக்கப் போகிற ஆள் மாதிரியா இருந்தார்? கல்யாண வீட்டில் மொய் எழுத வந்தவர் மாதிரி இருந்தார். இந்தத் தகவல் அனுப்பும் வேலை ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு ஒரே விளையாட்டு. சோதனைக்கு யார் போனுக்காவது அனுப்பிப் பார்க்க வேண்டும், குழுவில் எல்லோரும் வீட்டு ஆட்கள் எண்ணைத்தான் போடுவார்கள். ரங்கதுரை தன் மாமனார் எண்ணைப் போட்டு அவரை ஒரு வாரம் அலறவிட்டான். கலாமணி தன் வீட்டுக்காரர் எண்ணைப் போட்டாள், பெயர் இருக்கும் இடத்தில் டெஸ்ட் என்று போட்டாள். தினமும் பட்டறையிலிருந்து போன் வரும். "ஏம்புள்ள, டெஸ்ட்டு, உங்கள் ரத்தம் கிடைத்ததுன்னு வந்திருக்குது. எனக்குத் தெரியாம எப்ப எடுத்தே?" அவளுக்கும் குஷி வந்து, அனுப்பும் வாசகத்தை மாற்றி, வரும்போது தக்காளி வாங்கிட்டு வாங்க என்று ஒருநாள் அடித்துவிட்டாள். ஆய்வகத்தின் பெயரிலேயே அது போய்ச் சேர்ந்தது. அதைப் பட்டறையில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறார், கூட்டாளி நடராஜண்ணன் சொன்னார். பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. கேஸ் தீர்ந்துருச்சுங்க, மழ வருதுங்க துணி எடுங்க, சாப்பிட்டீங்களா. அந்த எண்ணிலிருந்து வருவதெல்லாம் அவள் பேசுவது என்றே அவருக்கு ஆகிவிட்டது. துணுக்கு எடுத்த பிறகு அவள் அப்படி எதையும் அனுப்பவில்லை. சோதனைக்குத் தன் சொந்த எண்ணையே போட்டுக்கொண்டாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை, அதைக் கேட்காமல் இருந்ததையும் அவள் கவனித்தாள்.

நல்ல செய்தி. ஏதோ உறுத்துகிறது என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. காலையிலேயே ஷெரினிடம் கேட்டாள். ஷெரினுக்கு இருபத்து நாலு வயசு, நாகர்கோவில் பக்கம், ஆய்வகத்துக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அவர்கள் நினைக்கும் முன்பே நினைத்து வைத்திருப்பாள். "ஷெரின், எல்லாருக்குமே நல்ல செய்தின்னுதான் போகுமா?" "ஆமாக்கா." "ரிப்போர்ட் நல்லாயில்லாதவங்களுக்கும்?" ஷெரின் தலையைச் சாய்த்து யோசித்தாள், பாவம், நிஜமாகவே யோசித்தாள். "ரிப்போர்ட் ரெடியாயிட்டுங்கறதே நல்ல செய்திதானேக்கா. தெரியாம காத்துக் கெடக்கறதுக்கு இது எவ்வளவோ மேல் இல்லையா? அவங்களுக்கும் இந்த டோன் ரொம்பப் பிடிச்சுப் போச்சு." காத்துக் கிடப்பதற்கு எவ்வளவோ மேல். இருக்கலாம். என் வீட்டுக்காரர் ரிப்போர்ட் இன்றைக்கு வரும் என்று சொல்லலாம். சொன்னால் ஷெரின் கையைப் பிடித்துக்கொள்வாள், ஐயோ அக்கா என்பாள், ரங்கதுரை வந்து நீங்க வீட்டுக்குப் போங்க என்பான், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அப்புறம் அது உண்மையாகிவிடும். இப்போது அது உண்மையில்லை, இப்போது அது வெறும் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் ஒரு வரி. அதனால், அதுவும் சரிதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். இன்னொரு வேலையும் இருந்தது. டாக்டர் கையெழுத்துப் போடும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. கவலைப்படும்படி ஏதாவது இருந்தால் மட்டும் அதில் டிக் அடிப்பார். டிக் விழுந்தவர்களுக்கு இரண்டாவதாக ஒரு தகவல் போக வேண்டும், டிக் இல்லாதவர்களுக்குப் போகாது. இன்னார், டாக்டர் உங்களுடன் நேரில் பேச விரும்புகிறார். அதையும் கலாமணிதான் எழுதினாள். அழைக்கிறார் என்று முதலில் போட்டு, அது அதட்டுவது போல இருக்கிறதென்று விரும்புகிறார் என்று மாற்றினாள். "ரெண்டும் ஒண்ணா போனா பதறிருவாங்கக்கா," என்றாள் ஷெரின், "நடுவுல ஒரு பத்து நிமிஷம் விடுங்க." விட்டாள். பத்து என்று போட்டாள். ஒரு டம்ளர் தண்ணி குடிக்கிற நேரம், கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்கிற நேரம். நல்ல எண்ணத்தோடுதான் போட்டாள்.

மூன்று மணிக்கு லைவ் என்றால் மூன்றரைக்குத்தான் ஆகும், ஆனது. ரங்கதுரை கை தட்டினான், யாரோ பப்ஸ் கொண்டுவந்தார்கள், அவள் முன்னாலும் ஒன்று வைக்கப்பட்டது. திரையில் தகவல்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஈரோட்டில் யாருக்கோ சர்க்கரை, திருப்பூரில் யாருக்கோ தைராய்டு, பொள்ளாச்சியில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம். நல்ல செய்தி, நல்ல செய்தி, நல்ல செய்தி. ஷெரின் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "எல்லாரும் ஒடனே ஒடனே தெறக்கறாங்கக்கா, பாத்தீங்களா," என்றாள். முகமெல்லாம் பூரிப்பு. கலாமணி பப்ஸைக் கடித்தாள், அது வாயில் மாவாக நின்றது. ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்து மொட்டைமாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் மட்டும் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாராவது மோட்டாரை நிறுத்த வேண்டும், அந்த மோட்டார் எரிந்துபோனால் யாராவது கணபதிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள், அவர் அதைப் பிரித்துப் போட்டு, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, எத்தனை சுற்று என்று எண்ணாமலே கைக்கணக்கில் சுற்றுவார். சுற்றும்போது கழுத்தைக் குனிந்திருப்பார். குனிந்தால் நெல்லிக்காய் அழுந்துமா? வலிக்கவில்லை என்றுதான் சொன்னார். வலிக்கவில்லை என்பது நல்லதா கெட்டதா என்று டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் சொல்லியிருப்பார், அதனால்தான் கேட்கவில்லை. போன பொங்கலுக்குக் காலர் பட்டன். அந்தச் சட்டை நீலமா, சந்தன நிறமா? சந்தனம். இல்லை, அது தீபாவளிக்கு.

மேசையில் போன் அதிர்ந்தது. அவர் படம். எடுத்ததும் பட்டறையின் சத்தம் முதலில் வந்தது, கிரைண்டர் ஓடி நின்றது, யாரோ இரும்பைக் கீழே போட்டார்கள். "ஏம்புள்ள!" என்று கத்தினார். "பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டயே!" அவளுக்குப் புரியவில்லை. "என்னுங்க?" என்றாள். "நல்ல செய்தி, சென்னியப்பன்! பட்டாசு பொம்மையெல்லாம் போட்டு. அடி ஆத்தி, சந்தோசத்துல புருசன் பேரு வாயில வந்துருச்சு பாரு. நடராஜண்ணங்கிட்டக் காட்டுனேன், சாமி சத்தியமா என்ற பொண்டாட்டி எழுதுனதுதான்னேன்." கலாமணி வாயைத் திறந்தாள். அது நான் எழுதுனது இல்லீங்க என்று சொல்ல வேண்டும். ஆனால் அவள்தான் எழுதினாள். உங்களுக்குன்னு எழுதல, எல்லாருக்கும் அப்படித்தாங்க போகும் என்று சொல்ல வேண்டும். அதைத்தான் சொல்ல வேண்டும், அந்த வாக்கியம் முழுசாக அவளுக்குள் இருந்தது, ஒரு சொல் குறையவில்லை. "உள்ள போய்ப் பாத்தீங்களா?" என்றாள். "உள்ள என்னத்தப் பாக்கறது? அதான் நீ பாத்துட்டு மேலயே எழுதிட்டயே. அந்த இங்கிலீசுக் கச்சடாவெல்லாம் எனக்குத் தெரியுமா?" அவள் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தக்காளி வாங்கச் சொன்ன மாதிரி. கேஸ் தீர்ந்ததைச் சொன்ன மாதிரி. கையெழுத்து விழுந்துவிட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரையின் மூலையில் மணி பார்த்தாள்.

"பேக்கரிக்குச் சொல்லிவுட்டிருக்கறேன், எல்லாத்துக்கும் தேங்கா பன்னு," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "உனக்கும் பாப்பாளுக்கும் எடுத்துட்டு வாரேன். இன்னிக்கு தோசை ஊத்த வேண்டாம், ஓட்டல்ல சாப்பட்டுக்கலாம்." சரிங்க என்றாள். அனுப்பக் காத்திருக்கும் தகவல்களின் பட்டியல் இன்னொரு பக்கத்தில் இருந்தது. டிக் விழுந்திருந்தால் அவர் பெயர் இந்நேரம் அங்கே உட்கார்ந்திருக்கும், பத்து நிமிடம் முடியட்டும் என்று. போய்ப் பார்க்கலாம். இருந்தால் நிறுத்தக்கூட நிறுத்தலாம், ஒரு தட்டு. கை மவுசின்மேல் இருந்தது, அங்கேயே இருந்தது. அவர் குரல் திடீரென்று இறங்கியது. பட்டறையை விட்டு வெளியே வந்திருப்பார் போல, இப்போது சாலைச் சத்தம் கேட்டது. "கலா. உன்கிட்டச் சொல்லுல. இத்தன நாளா எனக்குத் தூக்கமே இல்ல புள்ள. நீ தூங்குனதுக்கப்பறம் எந்திரிச்சு உக்காந்துக்குவேன்." அவளும் தூங்கவில்லை. அவர் எழுந்து உட்காருவது அவளுக்குத் தெரியும், தெரிந்து சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். அவர் அவளுக்காகச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க, அவள் அவருக்காகச் சத்தமில்லாமல் படுத்திருந்தாள். அந்த அறையில் வார்னிஷ் வாசனை மட்டும் இருந்தது. "பாப்பாளப் பத்தித்தான் ஒரே நெனப்பு," என்றார். "போகுது வுடு. நீ அந்த ரண்டு வார்த்தை எழுதுனயே, அது போதும் எனக்கு." தொட்டியிலிருந்து தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. யாரும் மோட்டாரை நிறுத்தவில்லை. இன்னும் எவ்வளவு நேரம்? டிக் இல்லாமலும் இருக்கலாம். முக்கால்வாசிப் பேருக்கு இருக்காது. இந்தப் பேச்சு இப்படியே ஓடி, பத்து நிமிடம் முடிந்து, ஒன்றுமே வராமல், அவர் பன் தின்னப் போய்விடலாம். அவள் எழுதியது உண்மையாகிவிடலாம். மத்தியானம் முதல் அவள் எதற்காவது ஆசைப்பட்டாள் என்றால் அது இந்த ஒன்றுக்குத்தான். ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். "பேசுங்க," என்றாள், "நீங்க பேசுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கறேன்." அவர் பேசினார். நடராஜண்ணன் என்ன சொன்னார், அந்தச் சலூன்காரரைப் போய்ப் பார்த்து ஒரு வாங்கு வாங்க வேண்டும், நெல்லிக்காயாம் நெல்லிக்காய். அவள் மணியைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள். மடக்கியிருந்த காலை மெல்ல எடுத்துக் கீழே வைத்தாள்.

"சித்த இரு," என்றார். "இன்னொண்ணு வருது. நீயா?"

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படிப்பது குரலிலேயே தெரிந்தது, பஸ் போர்டு படிப்பது போல ஒவ்வொரு சொல்லாக, உரக்க. "சென்னியப்பன், டாக்டர், உங்களுடன், நேரில், பேச, விரும்புகிறார்." பிறகு சிரித்தார். "பாத்தயா, டாக்டரே நேர்ல கூப்பிட்டுச் சொல்லோணும்கறாரு. நல்ல மனுசன்." ஒரு பஸ் போனது. சிரிப்பு எங்கே நின்றது என்று அவளுக்குச் சரியாகத் தெரிந்தது. அவர் மறுபடியும் பேசியபோது குரல் வேறாக இருந்தது, பதிவு செய்யும் இடத்தில் தன் பெயரைத் தானே சொன்னாரே, அந்தக் குரல் இல்லை.

"இதுலயும் பேரு போட்டிருக்குது," என்றார். "இதும் நீ எழுதுனதுதானா புள்ள?"

காலில் ரத்தம் ஓடத் தொடங்கி, பாதம் முழுக்க ஊசி ஊசியாகக் குத்தியது. பின்னால் ஷெரின் யாரிடமோ எண்ணிக்கை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கலாமணி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஆமாங்க," என்றாள். "நாந்தாங்க எழுதுனேன். அங்கயே இருங்க, வாரேன்."